பழைய கணினியை எடுக்க ஆள் வருகிறார், கோப்புகள் பாதி திறக்கவில்லை

குமுளி டிடிபி | புதன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். குமுளியில் அப்பா 2004இல் தொடங்கிய டிடிபி கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஏலத்தோட்டங்களுக்குச் சம்பளச் சீட்டு என்று எல்லாம் அடிப்போம். பாதி வேலை தமிழ், பாதி மலையாளம். ஒரே அட்டையில் இரண்டும் வருவது இங்கே சர்வசாதாரணம்.

பழைய கணினி கோர் 2 டியோ, விண்டோஸ் 7, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அதில் 310 ஜிபி நிறைந்திருக்கிறது. போன வாரம் விண்டோஸ் 11 உள்ள புதியது வாங்கினேன். 64 ஜிபி பென் டிரைவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மூன்று நாளாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். வந்தவரைக்கும் திறந்து பார்த்தால் மனசு விட்டுப்போகிறது. பத்திரிகைகள் எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் கிடக்கின்றன. படங்கள் இருக்கும் இடத்தில் மங்கலாக ஏதோ தெரிகிறது. 6 ஜிபி கல்யாண வீடியோ ஒன்று பென் டிரைவில் ஏறவே மாட்டேன் என்கிறது, டிரைவில் இடமிருந்தும்.

இதில் அவசரம் என்னவென்றால், ஆனவிலாசத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். 2009இல் அவர் கணவருக்கு நம் கடையில்தான் கண்ணீர் அஞ்சலி அடித்தோம். வீட்டில் இருந்த ஒரே படம் மழையில் நனைந்து போய்விட்டது, அந்த அஞ்சலியில் இருந்த படம் வேண்டும் என்றார். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால் முகம் கட்டம் கட்டமாக இருக்கிறது. சனிக்கிழமை பழைய கணினியை 1,500 ரூபாய்க்கு எடுத்துப்போக ஆள் வருகிறார். கொடுக்கலாமா?


கம்பம் சர்வீஸ் | புதன் இரவு

அண்ணே, முதலில் அந்த ஆளுக்குப் போன் போட்டு இந்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

வீடியோ ஏறாததற்குக் காரணம் உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருப்பது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது, டிரைவ் எவ்வளவு காலியாக இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மட் செய்தால் ஏறும். ஆனால் 310 ஜிபியைப் பென் டிரைவில் சுமப்பது தலைச்சுமையாக மூட்டை ஏற்றுவது போல. பழைய ஹார்டு டிஸ்க்கையே கழற்றி, யுஎஸ்பி-சாட்டா கேபிள் வழியாகப் புதிய கணினியில் நேராகச் செருகிவிடுங்கள். கேபிள் வாங்கும்போது 12 வோல்ட் அடாப்டரும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். லேப்டாப்பின் சின்ன டிஸ்க் யுஎஸ்பி தரும் மின்சாரத்திலேயே ஓடும், மேசைக் கணினியின் பெரிய டிஸ்க்குக்கு அது போதாது. பலர் அடாப்டர் இல்லாத கேபிளை வாங்கிச் செருகிவிட்டு டிஸ்க் செத்துப்போனதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

யுஎஸ்பி 2 துளையில் விநாடிக்கு 30 எம்பி கிடைத்தாலே நல்ல வேகம். அப்படியே வைத்துக்கொண்டாலும் 310 ஜிபிக்கு மூன்று மணி நேரம் ஆகும். குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும். கட் செய்ய வேண்டாம், காப்பி மட்டும்.


பெயர் வேண்டாம் | வியாழன் காலை

எதற்கு இவ்வளவு பாடு? எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றிப் புதியதில் இறக்கிக்கொள்ளுங்கள்.


கம்பம் சர்வீஸ் | வியாழன் காலை

கூகிள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. சரி, காசு கொடுத்து இடம் வாங்கினாலும், ஏற்றும் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் என்றால் 310 ஜிபி ஏற 69 மணி நேரம் ஆகும். குமுளியில் மழைக்காலத்தில் கரண்டு நிற்காமல் 69 மணி நேரம் இருந்தால் சொல்லுங்கள். முக்கியமான கொஞ்சத்தைக் கூடுதல் பிரதியாக மேலே வைக்கலாம், அது நல்ல பழக்கம். இடமாற்றத்துக்கு அது வழியில்லை.


பாறசாலை அச்சு | வியாழன் மதியம்

நானும் எல்லைக்காரன்தான், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். இதே தொழில், இதே இரண்டு மொழி. உங்கள் கோப்புகள் கெட்டுப்போகவில்லை, அதை முதலில் மனதில் வையுங்கள்.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடு நம் கடைகளுக்கு வருவதற்கு முன் அடித்த தமிழ் எதுவும் கோப்புக்குள் தமிழாக இல்லை. பாமினியில் "அம்மா" என்று அடித்தால், கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். பாமினி என்ற எழுத்துரு அந்தக் குறிகளுக்குத் தமிழ் முகம் மாட்டிக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினிக்கு வந்தவுடன் முகம் கழன்றுவிடுகிறது. மலையாளப் பக்கமும் அப்படியே, ஐஎஸ்எம் மென்பொருளில் எம்எல்-டிடி கார்த்திகாவிலோ ரேவதியிலோ அடித்திருப்பீர்கள்.

ஆகவே பழைய கணினியை ஒருமுறை உயிர்ப்பித்து, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்று இருப்பதை முழுதாக ஒரு தனிக் கோப்புறைக்குள் காப்பி எடுங்கள். இதை எல்லோரும் மறக்கிறார்கள். "டாக்குமென்ட்ஸ் வந்துவிட்டது, டெஸ்க்டாப் வந்துவிட்டது" என்று திருப்தியாகிவிடுகிறார்கள், எழுத்துரு இருப்பது விண்டோஸின் வயிற்றுக்குள். புதியதில் மொத்தத்தையும் நிறுவ வேண்டாம், தமிழ், மலையாளம் மட்டும் பொறுக்கி நிறுவுங்கள். டிடிஎஃப் வகை என்றால் சிக்கலில்லை. பிஎஃப்பி என்று முடிவது டைப் 1. அடோபி செயலிகள் 2023 ஜனவரியிலிருந்து டைப் 1ஐ ஏற்பதில்லை, அதனால் அந்தக் கோப்புகளுக்குப் பழைய செயலியே வேண்டும்.

அடுத்து படம். பேஜ்மேக்கரில் ஒரு படம் 256 கேபிக்கு மேல் போனால், "உள்ளேயே சேமிக்கட்டுமா" என்று கேட்கும். கோப்பு பெருத்துவிடும் என்று நாம் எல்லோரும் வேண்டாம் என்றுதான் அழுத்துவோம். அப்போது பக்கத்துக்குள் இருப்பது பார்வைக்கான மங்கல் நகல் மட்டும். உண்மையான ஸ்கேன் வேறு எங்கோ இருக்கும், பக்கம் அதன் முகவரியை மட்டும் நினைவில் வைத்திருக்கும். அந்த அம்மா கேட்ட முகம் உங்கள் பத்திரிகைக் கோப்புறையில் இல்லை தம்பி. ஸ்கேன் என்றோ போட்டோ என்றோ ஒரு கோப்புறை இருக்கிறதா? அதை எடுத்தீர்களா?


குமுளி டிடிபி | வியாழன் இரவு

அண்ணே, கை நடுங்குகிறது. ஈ டிரைவில் ஸ்கேன் என்று ஒரு கோப்புறை, 90 ஜிபி. உள்ளே எல்லாம் ஸ்கேன்0001, ஸ்கேன்0002 என்று பெயரே இல்லாமல் கிடந்ததால் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டேன். சனிக்கிழமை ஆளிடம் கொடுத்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.


வண்டன்மேடு கணக்கு | வியாழன் இரவு

ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். புற்றடியிலும் போடியிலும் மின் ஏலத்துக்குப் போகும் நான்கு பேரின் டேலி, அதாவது கணக்கு மென்பொருள், என்னிடம். இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

டேலி திறந்திருக்கும்போது அதன் கோப்புறையைக் காப்பி எடுக்காதீர்கள். மூடிவிட்டு எடுங்கள், அதற்குள்ளேயே உள்ள பேக்கப்பும் தனியாக ஒன்று எடுங்கள். டேலியின் பழைய பதிப்பான ஈஆர்பி 9இல் இருந்ததைப் புதிய டேலிபிரைமில் திறக்கும்போது தரவை மாற்றிக்கொள்ளச் சொல்லும். மாற்றிய பிறகு அது பழைய பதிப்பில் திறக்காது, ஆகவே மாற்றும் முன் தொடாத பிரதி ஒன்று ஒதுங்கி இருக்கட்டும். பழைய வருடம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஜிஎஸ்டியில் ஆண்டு அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று டிஜிட்டல் கையொப்ப டோக்கன். அது பென் டிரைவ் போலவே இருப்பதால் செருகினால் வேலை செய்யும் என்று நினைத்துவிடுகிறோம். டோக்கனுக்கான டிரைவரைப் புதிய கணினியில் நிறுவ வேண்டும். தாக்கல் செய்யும் கடைசி நாள் இரவு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை, நான் பட்டிருக்கிறேன்.


மூணாறு டீச்சர் | வெள்ளி காலை

தமிழ் மீடியம் பள்ளி ஆசிரியை. கேரளப் பள்ளிகளில் கணினி என்றால் உபுண்டுவின் அடிப்படையில் வந்த லினக்ஸ்தான், அதில் பழகியதால் வீட்டிலும் அதையே போட்டிருந்தேன். 14 வருட வினாத்தாள்கள், பிள்ளைகளின் ஆண்டுவிழாப் படங்கள், தோட்டத்து லயங்களில் பாட்டிமாரிடம் பதிவுசெய்த தாலாட்டு எல்லாம் அதில் இருக்கின்றன. மேலே தம்பி சொன்னபடி டிஸ்க்கைக் கேபிளில் புதிய விண்டோஸ் லேப்டாப்பில் செருகினேன். "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கிறது. பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன்.


கம்பம் சர்வீஸ் | வெள்ளி காலை

டீச்சர், பிடுங்கியது நல்லதாகப் போயிற்று. அந்தக் கேள்விக்கு என்றைக்கும் ஆம் என்று அழுத்தாதீர்கள். உங்கள் டிஸ்க் இஎக்ஸ்டி4 வடிவில் இருக்கிறது, விண்டோஸுக்கு அதை நேராகப் படிக்கத் தெரியாது. தெரியாததை எல்லாம் அது வெற்று டிஸ்க் என்றே நினைக்கும். டிஸ்க்கைத் திரும்பப் பழைய கணினியிலேயே மாட்டி உபுண்டுவை எழுப்புங்கள். எக்ஸ்ஃபேட் வடிவில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி அதற்கு ஏற்றுங்கள், அதை விண்டோஸ் படிக்கும்.

ஒன்று கவனியுங்கள். கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ இருந்தால் லினக்ஸ் ஒப்புக்கொள்ளும், விண்டோஸ் ஒப்புக்கொள்ளாது. "பாடம் 3: நிலமும் நீரும்" என்று பெயர் வைத்திருந்தால் அது மட்டும் ஏறாமல் நிற்கும். முதலில் அந்தப் பெயர்களைத் திருத்திவிடுங்கள்.


மூணாறு டீச்சர் | வெள்ளி மாலை

என் வினாத்தாள்களில் பாதிக்குமேல் அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறேன்! முக்காற்புள்ளி இருந்த இடமெல்லாம் கோடு போட்டுவிட்டேன், நன்றாக ஏறுகின்றன. தாலாட்டுப் பதிவுகளை முதலில் ஏற்றினேன். பாடிய பாட்டிமார் மூன்று பேர் இப்போது இல்லை. ஒவ்வொன்றையும் லேப்டாப்பில் கடைசி வரைக்கும் ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போகிறேன்.


நகரி நெசவு | வெள்ளி மாலை

ஆந்திர எல்லையிலிருந்து. எங்கள் பக்கம் தமிழும் தெலுங்கும், தெலுங்குக்கு அனு எழுத்துரு. குமுளி அண்ணன் இந்தச் சாக்கில் எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றிவிடலாமே? தமிழக அரசே 2010இல் யுனிகோடைத் தரமாக அறிவித்தாயிற்று. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் டேப், டேம், டிஸ்கி, பாமினி என்ற பழைய தமிழ் முறைகள் எல்லாம் மாறும். பழைய எழுத்துருவைக் கட்டிக்கொண்டு எத்தனை காலம் இருப்பது?


பாறசாலை அச்சு | வெள்ளி இரவு

தம்பி, யுனிகோடு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. நேற்றைய அட்டையை நானும் யுனிகோடில்தான் அடித்தேன். ஆனால் பழைய அட்டைகளை மாற்றுவது வேறு வேலை. ஒரே அட்டையில் மணமகன் வீட்டார் பெயர் தமிழ் எழுத்துருவில், மணமகள் வீட்டார் பெயர் மலையாள எழுத்துருவில் இருக்கும். வெறும் உரையாக எடுத்துக் கன்வெர்ட்டரில் போட்டால் எது எந்த எழுத்துரு என்ற விவரமே போய்விடும். மலையாளத்தையும் தமிழ் என்று நினைத்து மாற்றி, இரண்டும் கெட்டான் ஒன்றைக் கையில் கொடுக்கும். அதைவிட மோசம், எந்தத் தமிழ் எழுத்துரு என்று தப்பாகச் சொன்னாலும் அது மறுக்காமல் மாற்றித்தரும்.

என் வழக்கம் இதுதான். மூலக் கோப்பைத் தொடுவதில்லை. பழைய கணினியில் எல்லாம் சரியாகத் தெரியும்போதே அங்கிருந்து ஒவ்வொன்றையும் எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக எடுத்துவிடுகிறேன். முகம் அதில் பத்திரம். யாராவது அதே அட்டையை மறுபடி கேட்டால் அன்றைக்கு யுனிகோடில் புதிதாக அடித்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும் என்ற வெறியில் பழசைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.


குமுளி டிடிபி | சனி மதியம்

கேபிள் வாங்கிச் செருகிவிட்டேன். எழுத்துருக்களைப் பொறுக்கி நிறுவினேன். முதலில் திறந்தது 2006இல் அப்பா அடித்த ஒரு கிரகப்பிரவேச அட்டை, தமிழ் அப்படியே வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் ஸ்கேன் கோப்புறை பாதியில் நிற்கிறது. 2009 என்ற உள்கோப்புறைக்கு வந்தவுடன் "சைக்ளிக் ரிடன்டன்சி செக்" என்று ஏதோ பிழை சொல்கிறது. மூன்று முறை முயன்றேன். டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வருகிறது.


கம்பம் சர்வீஸ் | சனி மதியம்

அண்ணே, உடனே நிறுத்துங்கள். நான்காவது முறை வேண்டாம். செக் டிஸ்க்கும் ஓட்டாதீர்கள், அது கோப்புகளைக் காப்பாற்ற வந்ததல்ல, டிஸ்க்கின் அட்டவணையைச் சரிசெய்ய வந்தது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மேலும் உழைக்க வைக்கும். விண்டோஸில் உள்ள ரோபோகாப்பி என்ற காப்பி எடுக்கும் கருவியும் இப்போது வேண்டாம். நல்ல டிஸ்க்குக்கு அது அருமையானது, பாதியில் நின்றாலும் ஏற்கெனவே போனதைத் தாண்டிக்கொண்டு தொடரும். ஆனால் படிக்க முடியாத கோப்பு வந்தால், நாம் எதுவும் சொல்லாவிட்டால் 30 விநாடி இடைவெளியில் 10 லட்சம் முறை திரும்பத் திரும்ப முயலும். உங்கள் டிஸ்க் அதைத் தாங்காது.

டிஸ்க்கை என்னிடம் கொண்டுவாருங்கள். ஜீப்பின் பின்னால் போடாதீர்கள். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்காருங்கள். லோயர் கேம்ப் வரைக்கும் உள்ள வளைவுகளில் பை சரிந்து கீழே விழுந்தால் அதோடு முடிந்தது.


குமுளி டிடிபி | ஞாயிறு இரவு

டிஸ்க் கம்பத்தில் இருக்கிறது. தம்பி வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அதை எழுதியாக வேண்டும். உபுண்டு உள்ள பென் டிரைவில் கணினியை எழுப்பி, டிடிரெஸ்க்யூ என்று ஒன்றை ஓட்டினார். அது கோப்பு கோப்பாக எடுக்கவில்லை. டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கிறது. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொள்கிறது, படிக்காத இடத்தில் மல்லுக்கட்டாமல் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகிறது. எல்லாம் முடிந்தபிறகுதான் குறித்துவைத்த இடங்களுக்குத் திரும்பி வருகிறது. டிஸ்க் சூடாகாமல் இருக்கச் சின்ன மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார். இரவு முழுக்க ஓடும் என்றார்.


கம்பம் சர்வீஸ் | திங்கள் காலை

முடிந்தது. 500 ஜிபியில் 312 கேபி மட்டும் படிக்கவில்லை. அண்ணே, பிரதி எடுத்த டிஸ்க்கைச் செருகியதும் விண்டோஸில் டிரைவ் எழுத்தை மறுபடி ஈ என்றே மாற்றிவிடுங்கள், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் செய்யலாம். பேஜ்மேக்கர் தேடும் முகவரி பழையபடி ஈயில் இருந்தால் படங்களைத் தானே கண்டுபிடிக்கும்.


குமுளி டிடிபி | திங்கள் இரவு

கண்டுபிடித்தது. ஸ்கேன்0047. அஞ்சலியில் நாங்கள் முகத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறோம். மூல ஸ்கேனில் முழுப் படமும் இருக்கிறது, அவர் வேட்டி கட்டிக்கொண்டு ஏலச்செடிகளுக்கு நடுவே நிற்கிறார், பக்கத்தில் அந்த அம்மாவும் நிற்கிறார். அவருக்கே அது நினைவில்லை. 8க்கு 10 அளவில் அடித்துக் கொடுத்தேன், வெகுநேரம் கடையிலேயே உட்கார்ந்திருந்தார்.

மற்றவை: சில கோப்புகள் பெயர் நீளம் என்று மறுத்தன. கோப்புறைக்குள் கோப்புறையாக வைத்ததில் முழு முகவரி 260 எழுத்தைத் தாண்டிவிட்டது. தமிழில் "கோ" நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். நேராக ஈ டிரைவின் மேல்மட்டத்துக்கு நகர்த்தியதும் சரியானது. பழைய தமிழ் தட்டச்சு மென்பொருள் மட்டும் வரவில்லை, அதன் உரிமப் பூட்டான டாங்கிள் பிரிண்டர் போர்ட்டில் செருகுவது, புதியதில் அந்தத் துளையே இல்லை. இனி அடிப்பது யுனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில் என்று பழகத் தொடங்கிவிட்டேன். பழைய அட்டைகளைத் திறக்க எழுத்துரு போதும்.

பழைய கணினியை விற்கவில்லை. பிரதி டிஸ்க் இரண்டாவது ஒன்று வாங்கி அப்பா வீட்டில் வைக்கப்போகிறேன், கடையில் ஒன்று, அங்கே ஒன்று.

ஒரே ஒரு குறை. 41 அட்டைகளில் மலையாளப் பக்கம் இன்னும் குறிகளாகவே கிடக்கிறது. எம்எல்-டிடி கார்த்திகாவும் ரேவதியும் இருக்கின்றன, அதில் வேறு ஏதோ இருக்கிறது.


பாறசாலை அச்சு | திங்கள் இரவு

பேஜ்மேக்கரில் கோப்பைத் திறக்கும்போதே எந்த எழுத்துரு இல்லை என்று ஒரு பெட்டியில் பெயரைச் சொல்லுமே, அவசரத்தில் மூடியிருப்பீர்கள். அந்தப் பெயரைப் பாருங்கள்.


குமுளி டிடிபி | திங்கள் இரவு

எம்எல்-டிடி அம்பிலி என்கிறது.


பாறசாலை அச்சு | திங்கள் இரவு

அதுவும் ஐஎஸ்எம்மோடு வந்ததுதான். அப்பாவிடம் அந்தப் பழைய சிடி இருக்கிறதா என்று கேளுங்கள். தேடிக் கிடைத்தால் அதிலிருந்து அந்த ஒன்றை மட்டும் நிறுவி, முதல் அட்டையில் கூட்டெழுத்துகள் உடையாமல் விழுகின்றனவா என்று பாருங்கள். பிறகு 41க்கும் அன்றைக்கே பிடிஎஃப் எடுத்துவிடுங்கள்.


குமுளி டிடிபி | செவ்வாய் காலை

சிடி அப்பாவின் இரும்புப் பெட்டியில், வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் இருந்தது. அம்பிலி நிறுவியாயிற்று. 17 அட்டைக்குப் பிடிஎஃப் எடுத்துவிட்டேன், கடை திறக்கும் முன் இன்னும் கொஞ்சம் முடியும்.